மாதாவுக்கு ஓடிய கிலோமீற்றர்

வேலைக்குப் போகுமுன் நிரஞ்சனி கணவன் கிறகரிக்கு ஒரு சீட்டு எழுதி வைத்தாள்.

"இஞ்சருங்கோ, மீன்குழம்பு அடுப்பில இருக்கு. பின்னேரம் கோயில் ஆக்கள் வருவினம், மாதா சுரூபத்தை லொங்குய்ய்யில ஒரு வீட்டுக்கு உங்கட வானில கொண்டுபோகச் சொல்லி. ஏலாதெண்டு சொல்லுங்கோ. வீடு வீடாய் மாதாவை ஏத்தி இறக்கியே வானை லீசுக்கு எடுக்கேக்க ஓடவிட்ட கிலோமீற்றர் முடியப்போகுது. அதுக்கு மேல ஓடினால் தண்டம் கட்டவேணும். வான் திறப்பை நான் கொண்டு போறன்."

சுவரோரம் சாத்தியிருந்த அவனுடைய ஊன்றுகோல்கள் கண்ணில் பட்டன. கையாலேயே ஓட்டும்படி மாற்றிய அந்த வானில்தான் அவன் யாரையும் எதிர்பாராமல் போய்வருவான். திறப்பைச் சீட்டின்மேல் வைத்துவிட்டு, அடியில் நெருக்கி எழுதினாள்.

"போட்டு வாங்கோ. ஊர் சுத்துறியள் எண்டு ராத்திரி நான் சொன்னதை மறந்திடுங்கோ. என்ர காலுக்கு ஆரும் கிலோமீற்றர் அளந்து தரேல்ல."