செத்துப்போகாத செல்கள்

இன்று காலை ஆய்வகத்துக்குப் போகும் வழியில், ஒரு மீன்காரம்மாவின் கூடையிலிருந்து ஏரிச்சேற்று வாசனை அடித்தது. அப்படியே நின்றுவிட்டேன். பழவேற்காடு ஏரித் தீவான நம் பசியாவரத்தில், சிறுமிகளாக நாம் இருவரும் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, கையால் தடவி இறால் பிடித்த நாட்களின் வாசனை அது.

பத்தாவதோடு படிப்பை நிறுத்தி நீ ஏரிக்கு மீன்பிடிக்கப் போனாய். நான் கல்லூரிக்குப் போனேன். ஆராய்ச்சிப் படிப்பில் சேர்ந்தபின் நான் விடுமுறைக்கு வந்திருந்த ஒரு நாளில்தான் உனக்கு நெஞ்சு வலித்தது. படகில் பழவேற்காடு, அங்கிருந்து வேனில் சென்னை. அடைப்பை எடுத்துவிட்டார்கள். ஆனாலும் ரத்தம் திரும்பிய பிறகும் இதயத்தின் ஒரு பகுதி செத்துவிட்டது என்றார் மருத்துவர். அவர் போனதும் நீ என்னைக் கேட்டாய்:

"ரத்தம் வராம செத்துச்சின்னா சரி. வந்தப்புறமும் இன்னாத்துக்குடி சாவணும்?"

இதய செல்களைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் தெரியாது என்றுதான் சொல்ல முடிந்தது.

மூன்று மாதம் தேடிப் படித்துவிட்டு உன் வீட்டுக்கு வந்து விளக்கினேன். ரத்தம் நின்றதும் செல்லுக்குள் கால்சியம் சேர்கிறது; ரத்தம் திடீரெனத் திரும்பும்போது இன்னும் பாய்கிறது. செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவில் அப்போது ஒரு துளை திறக்கிறது. சக்தி நின்று செல் சாகிறது. நண்டு ஆய்ந்துகொண்டே கேட்ட நீ, அந்த ஓட்டையை மூடியே வைத்தால் போதாதா என்றாய். பலர் முயன்றும் நோயாளிகளிடம் இன்னும் சரியாகக் கைகூடவில்லை என்றேன்.

"அப்ப நீ செய்."

அதற்குப் பின் நான்கு வருடம் இருந்தாய். பத்தடி நடந்தாலே மூச்சு வாங்கும். ஆனாலும் நான் வரும்போதெல்லாம், எதுவரை வந்திருக்கிறது என்று முதலில் கேட்பாய். போன மாசியில் போய்விட்டாய்.

இன்று மூன்றாம் முறையும் அதே சோதனை. தட்டில் வளர்த்த இதய செல்களுக்குப் பிராணவாயுவை நிறுத்தி, மறுபடி கொடுத்தோம். மருந்தில்லாத தட்டில் செல்கள் செத்துக் கிடந்தன. அந்தத் துளையை மூடிவைக்கும் எங்கள் மருந்து சேர்த்த தட்டில் துடித்துக்கொண்டிருந்தன. எதற்கும் அசையாத எங்கள் பேராசிரியை நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. என் கையை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டார். தட்டிலிருந்து மனித நெஞ்சுக்கு வழி நீளம்தான். ஆனால் முதல் வாசல் திறந்துவிட்டது.

மருத்துவர்களும் ஆய்வாளர்களும் கூடிய மாலைக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது அரங்கமே எழுந்து கைதட்டியது. பின்வரிசையிலிருந்து ஒரு மூத்த மருத்துவர், முதுமையடைந்த இதயத்திலும் இது நடக்குமா என்று கேட்டார். உன் கேள்விக்கு முந்தைய நானாக இருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். இன்று, "தெரியாது சார். அதைத்தான் நாளைக்கு ஆரம்பிக்கிறோம்" என்றேன். தெரியாததைத் தலைநிமிர்ந்து சொல்லும் தைரியம், அன்று மருத்துவமனையில் உன் கட்டிலருகே தெரியாது என்று சொன்னபோதுதான் எனக்கு வந்தது. அதைத்தான் இன்னும் வைத்திருக்கிறேன்.