வேறொரு கணினியில்

காவாலு, தாசிக்மலாயா
2 மே 2019

கூடப் பிறக்காத என் அக்கா நெண்டென் தெத்தேவுக்கு,

இங்கு எல்லோரும் நலம். சிமாஹியில் மாமியார் வீட்டில் நீங்களும் நலமாக இருப்பீர்கள். போனில் பேச எனக்கு வாய் வராது என்று பட்டறையில் பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருந்த உங்களுக்குத் தெரியாதா? அதனால்தான் வேன் ஓட்டும் ஓமான் மாமாவிடம் இதைக் கொடுத்து விடுகிறேன்.

கல்யாணத்துக்கு முன் நீங்கள் எனக்கு விற்ற எம்பிராய்டரி மென்பொருள் கொஞ்ச நாளாகக் காலையில் திறக்க மாட்டேன் என்கிறது. ‘இந்த உரிமம் வேறொரு கணினியில் பயன்பாட்டில் உள்ளது’ என்று சிவப்பு எழுத்தில் வருகிறது. மதியத்துக்கு மேல்தான் வழி விடுகிறது. ஹாஜா ஓனி அம்மா பெருநாளுக்குக் கேட்ட தொழுகை உடைகளின் பூ வடிவம் பாதியில் நிற்கிறது. என்னை நம்பி வந்த முதல் ஆர்டர் இது. தவறினால் பெக்காசியில் காலுறை செய்யும் தொழிற்சாலைக்கு அனுப்பிவிடுவதாக அப்பா சொல்லிவிட்டார். “ஆட்டை வித்து வாங்கினேன். ஆடாவது காலையிலயே எந்திரிச்சுக் கத்தும்” என்கிறார்.

என்ன செய்யட்டும்?

உங்கள் இமாஸ்

சிமாஹி
4 மே 2019

அருமை இமாஸ்,

இதற்கா இவ்வளவு கலக்கம்? அது இணையக் கோளாறு. அணைத்துவிட்டுத் திரும்பப் போடு. நீ வாய் திறக்கவே ஒரு நாள் ஆகும். கணினியும் உன்னைப் பார்த்துக் கெட்டுவிட்டது போலிருக்கிறது! காலையில் துணி வெட்டு, மதியம் வடிவம் போடு. நோன்பு தொடங்குகிறது, உடம்பைப் பார்த்துக்கொள். நம் ஊரில் புளிக்கவைக்கும் ஓஞ்சோம் போட்ட சோற்றுக்கு நாக்கு ஏங்குகிறது, இங்கே யாருக்கும் செய்யத் தெரியவில்லை.

உன் தெத்தே

காவாலு
8 மே 2019

அன்புள்ள தெத்தேவுக்கு,

அணைத்துப் போட்டுப் பார்த்தேன். சிவப்பு எழுத்து போகவில்லை. சொல்ல வேண்டியதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு ஜகார்த்தாவில் உள்ள கம்பெனி அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்த அம்மா, “உன் பேர்ல எதுவுமே இல்லையேம்மா. நெண்டென்னு ஒருத்தங்க பேர்லதான் இருக்கு. இன்னைக்குக் காலையிலகூட சிமாஹியில ஓடியிருக்கே” என்றார்.

எனக்குக் கை வியர்த்து உள்ளங்கை எழுத்தெல்லாம் அழிந்துவிட்டது. இரண்டு பேரும் வைத்துக்கொள்ள முடியாதா என்று எப்படியோ கேட்டேன். “ஆளுக்குப் பாதின்னு வெட்ட இது தர்பூசணியா? வித்தவங்க தன்கிட்ட உள்ளதை அழிச்சிட்டேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும். அப்பதான் உன் பேருக்கு மாத்துவோம். அதுவும் ஒரே தடவைதான், அப்புறம் யார் பேருக்கும் போகாது” என்றார். பதினைந்தாம் தேதிக்குள் அந்தத் தாள் வராவிட்டால் இரண்டு பக்கமும் பூட்டிவிடுவார்களாம்.

தெத்தே, உங்கள் வீட்டில் வேறு யாராவது எம்பிராய்டரி வடிவம் போடுகிறார்களா?

இமாஸ்

சிமாஹி
10 மே 2019

இமாஸ்,

வேறு யார்? நான்தான்.

பட்டறை வழக்கம் உனக்குத் தெரியும். மெஷினை விற்றாலும் அதன் தையல் சட்டத்தில் பூட்டிய துணியை முடித்துவிட்டுத்தானே ஒப்படைப்போம்? அப்போது என் கையில் ஒரு வேலை பாதியில் இருந்தது. அது முடிந்ததும் அழித்துவிடத்தான் நினைத்தேன். அதற்குள் எதிர்வீட்டு எம்பிராய்டரி மெஷின்காரி இன்னொரு வடிவம் கேட்டாள்.

மருமகள் சம்பாதித்தால் இந்த வீட்டுக்கு அவமானமாம். அவர் கடைக்கும் மாமியார் சந்தைக்கும் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு உட்காருகிறேன். அந்த நேரத்தில் மட்டும் நான் பழைய நெண்டென். மதியத்துக்கு மேல் திரும்பவும் மருமகள்.

காலை எனக்கு, மதியம் உனக்கு. இப்படியே இருந்துவிடலாம். ஜகார்த்தாக்காரி போன் செய்தால் எடுக்காதே. நீதான் பேசாத பெண்ணாயிற்றே.

உன் தெத்தே

காவாலு
12 மே 2019

அன்புள்ள தெத்தேவுக்கு,

எழுதிக் கிழித்து எழுதிக் கிழித்து இதை அனுப்புகிறேன்.

சட்டத்தில் பூட்டிய துணி முடிந்ததும் மெஷினைக் கொடுத்துவிடுவார்கள். நீங்கள் புதிது புதிதாகப் பூட்டிக்கொண்டே போகிறீர்கள். நான் போனை எடுக்காவிட்டாலும் பதினைந்தாம் தேதி வரும். நீங்களும் உட்கார முடியாது, நானும் உட்கார முடியாது. நான் பெக்காசிக்குப் போவேன்.

படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடுங்கள். என் பேருக்கு வந்துவிட்டால், நானே ஆசைப்பட்டாலும் உங்களுக்குத் திருப்பித் தர முடியாது. அது தெரிந்துதான் கேட்கிறேன்.

உங்கள் பூக்களைக் காகிதத்தில் வரைந்து ஓமான் மாமாவிடம் கொடுத்து விடுங்கள். நான் வடிவமாக்கி அனுப்புகிறேன். உங்கள் வேலையாகவே அது போகட்டும். என்னால் முடிந்தது இதுதான்.

என்மேல் கோபப்படுங்கள், ஆனால் எழுதுங்கள்.

இமாஸ்

சிமாஹி
14 மே 2019

செல்வி இமாஸ் அவர்களுக்கு,

கையெழுத்திட்ட படிவம் இத்துடன் உள்ளது. என்னிடம் இருந்ததை இன்று காலை அழித்துவிட்டேன். இனி வடிவம் போட முடியாது என்றதும், “என்ன, கை வலியா?” என்று எதிர்வீட்டுக்காரி கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

காகிதத்தில் வரைந்து அனுப்பச் சொல்லியிருந்தீர்கள். உங்களிடம் வேலை கேட்டு வரும் அளவுக்கு நான் இன்னும் தாழ்ந்துபோகவில்லை.

இப்படிக்கு,
விற்றவர்
நெண்டென் குர்னியாசி

காவாலு
29 மே 2019

அன்புள்ள தெத்தேவுக்கு,

உங்களிடமிருந்து ஏதாவது வந்ததா என்று கேட்டால் ஓமான் மாமா, “இல்ல கண்ணு, வாசல்ல நின்னு கூப்பிட்டேன், யாரும் வரல” என்கிறார். இருந்தாலும் எழுதுகிறேன்.

படிவம் கைக்கு வந்ததுமே படமெடுத்து ஜகார்த்தாவுக்கு அனுப்பினேன், உரிமம் என் பேருக்கு மாறிவிட்டது. தொழுகை உடைகளை நேற்று கொடுத்துவிட்டேன். ஹாஜா ஓனி அம்மா துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அடுத்த வேலையையும் வைத்துவிட்டுப் போனார். அப்பா பெக்காசி பேச்சை விட்டுவிட்டார்.

இப்போது காலையில் உட்கார்ந்ததும் திறந்துவிடுகிறது. சிவப்பு எழுத்து வருவதில்லை. கடைசி நாட்களில் அதைப் பார்க்கும்போது, நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். இப்போது காலை வேளையில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று தெரியவில்லை.

இமாஸ்