போய்ச் சேராத பதினோரு நிமிடம்

அன்புள்ள சிட்டுவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் நலம், அம்மாவின் முழங்கால் வலி பாதி குறைந்திருக்கிறது, நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் தொடங்குகிறேன். இந்தக் கடிதத்தோடு எதையும் இணைக்கவில்லை, அதனால் இதாவது உன்னிடம் வந்து சேரும்.

ஒரு தப்புச் செய்துவிட்டேன், கண்ணு. பத்து நாளைக்கு முன்னால் அம்மா தையல் மெஷின் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உனக்காக ஒரு வீடியோ எடுத்தாள். பதினோரு நிமிடம். நீ கிளம்பிய அன்று "இனிமே எனக்கு போன் பண்ணாத" என்று அவள் சொன்னாளே, நீயும் எட்டு மாதமாக என்னிடம் மட்டுமே பேசுகிறாயே, அதைப் பற்றித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். நினைக்கத்தான் முடியும், ஏனென்றால் போனைக் கொடுக்கும்போதே "அனுப்புறதோட சரி, நீங்க பாக்கக் கூடாது, இது எனக்கும் அவளுக்கும்" என்று சொல்லிவிட்டாள். அனுப்பினேன், திரும்பி வந்தது. வீடியோ இருநூற்றுப் பன்னிரண்டு எம்.பி., மின்னஞ்சலில் இருபத்தைந்துக்கு மேல் ஏறாதாம். நூலகத்தில் முப்பத்திரண்டு வருடம் அட்டவணை எழுதியவன் அளவு பார்க்காமல் அனுப்பினேனே என்று வெட்கமாகி, திருப்பி அனுப்பியவருக்கு மன்னிப்புக் கேட்டு நாலு வரி எழுதினேன். அதுவும் திரும்பி வந்தது. மாடி வீட்டு டீச்சர், "அது மெஷின் சார், அதுக்குக் கோபமே வராது" என்று சிரித்தார். துண்டு துண்டாக வெட்டி அனுப்பலாம் என்றார், ஆனால் பார்க்காமல் எங்கே வெட்டுவது? சுருக்கலாம் என்றார், சுருக்கியதில் முதல் படத்திலேயே அம்மா முகம் கட்டம் கட்டமாக உடைந்திருந்தது. எட்டு மாதம் கழித்து நீ பார்க்கப்போகும் முகம் அப்படியா இருக்க வேண்டும்?

இதெல்லாம் தப்பில்லை. போகவில்லை என்று அம்மாவிடம் நான் சொல்லவே இல்லை, அதுதான் தப்பு. நாளைக்கு அனுப்பிவிடலாம், நாளைக்கு அனுப்பிவிடலாம் என்றே நாள் ஓடிவிட்டது. தினமும் "பதில் வந்துச்சா?" என்பாள், "இன்னும் இல்ல" என்பேன். பொய்யில்லை, பொய்யைவிட மோசம். முந்தாநாள் அவள் கேட்கவில்லை. "விடுங்க, அவ பாத்துட்டுத்தான் பேசாம இருக்கா" என்று சொல்லி, தைக்கும்போது பக்கத்திலேயே வைத்திருந்த போனை அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டாள்.

இன்று காலை டீச்சர் சொல்லிக்கொடுத்தபடி வீடியோவை இணையத்தில் ஏற்றினேன். இரண்டு மணி நேரம் ஆனது, நாற்காலியை விட்டு நான் எழவில்லை. கீழே நீல எழுத்தில் இருப்பதுதான் அதன் லிங்க், உன் முகவரிக்கு மட்டுமே திறக்கும், மூன்று முறை சரிபார்த்துவிட்டேன். இதை அனுப்பியதும் தையல் அறைக்குப் போய் நடந்ததைச் சொல்லப்போகிறேன். திட்டுவாள், திட்டட்டும். நீ ராத்திரி கண் விழித்து வேலை பார்க்காதே, தேய்ந்த செருப்பை மாற்று. வீடியோவைப் பார்த்ததும் அம்மாவைக் கூப்பிடு, மறந்துவிடாதே. என் எண்ணுக்கு வேண்டாம், கூப்பிட்டாலும் எடுக்க மாட்டேன். போனை அலமாரியிலிருந்து எடுத்து, சத்தத்தைக் கூட்டி, அவள் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிடுகிறேன்.

என் ஆசி உனக்கு எப்போதும் உண்டு. அம்மாவுடையதை அவளிடமே கேட்டு வாங்கிக்கொள்.

உன் அப்பா