பிரின்ஸிக்காக வாசித்த பூசைக் கருத்து

இயேசு மரி சூசை துணை

பூதலூர்,
ஞாயிறு மதியம்

அன்பு மகள் பிரின்ஸிக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம், நீயும் அந்த ஸ்காட்லாந்துக் குளிரில் இருமல் சளி இல்லாமல் இருக்க வேண்டுகிறோம். ஃபோனில் பேசினால் எனக்குக் கோபம் முந்திக்கொள்கிறது, அதனால்தான் பேப்பரில் எழுதி வாட்ஸ்அப்பில் படம் பிடித்து அனுப்புகிறேன், கையெழுத்தைக் கேலி செய்யாதே. ஆற்றில் தண்ணீர் தாராளமாக வருகிறது, சம்பா நடவு பாதி முடிந்தது, அம்மா முட்டிவலியோடு இன்னும் வயலில் இறங்குகிறாள், நான் சொன்னால் கேட்பதில்லை, நீயாவது சொல்.

போன வாரம் நீ சொன்னது என் மண்டையில் இன்னும் ஏறவில்லை. பாலத்துக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கிற கம்பெனியில் ஆறு வருடமாக நல்லபடியாக இருக்கிறாய், இப்போது வாரத்தில் இரண்டு நாள் வரைபடத்தைத் தொடாமல் புதிதாகச் சேர்ந்த நாலு பேருக்குக் கற்றுக்கொடு என்கிறார்களாம். பாலம் கட்டுகிறவர்கள் வரைபடம் போட்ட மணி நேரத்துக்குத்தான் கூலி தருவார்கள், கற்றுக்கொடுத்த நேரம் எந்தக் கணக்கிலும் சேராது, வருடக் கடைசியில் உன் வேலைக்குப் போடுகிற மார்க்தான் குறையும், ஆனாலும் பெரிய பொறுப்பு என்கிறாய். இது என்ன கூத்து? நான் ரைஸ்மில்லில் இருந்தபோது இரண்டு பேருக்கு மிஷின் ஓட்டப் பழக்கிக் கொடுத்தேன், மூன்றாம் மாதம் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தப் பயத்தில்தான் முடியாது என்று சொல்லிவிடு என்று உன்னிடம் கத்தினேன்.

அதோடு விட்டேனா, உனக்காக வேண்டச் சொல்லி கோவில் உபதேசியாரிடம் பூசையில் வாசிக்கிற கருத்துச் சீட்டும் காரணத்தோடு எழுதிக் கொடுத்தேன். உன் பேரை மட்டும் படிப்பார் என்று நினைத்தேன். இன்று காலை கோவிலில் அவர் மைக்கில், வெளிநாட்டில் வேலை பறிபோகும் நிலையில் இருக்கும் சவரிராஜ் மகள் பிரின்ஸிக்காக என்று முழுசாக வாசித்துவிட்டார். உன் சித்தி ரோஸ்லின் அங்கேயே அழுதுவிட்டாள், சித்தப்பா சகாயராஜ் திருச்சியில் வேலை பார்த்துத் தருகிறேன் என்கிறான். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை, நீ திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன்.

 வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அம்மா சொன்னாள்: “நடவுக்குப் புதுசா வர்றவள கைப்பழக்கம் உள்ள ரெண்டு பேருக்கு நடுவுலதாங்க விடுவோம். அவ விட்டத நாங்கதான் நட்டுக் கொடுப்போம். அன்னிக்கு எங்க வரிசை பிந்தத்தான் செய்யும்.” அப்படியானால் என் மில் கதை என்ன என்று கேட்டேன். அது மில்லுங்க என்று சொல்லிவிட்டு உலை வைக்கப் போய்விட்டாள். அவள் சொல்வதும் சரியாக இருக்கிறது, என் வயிற்றெரிச்சலும் பொய்யில்லை. உன் கம்பெனி மில்லா வயலா என்று இங்கே இருந்துகொண்டு நான் எப்படிச் சொல்வது? வெள்ளிக்கிழமைக்குள் நீயே யோசித்துக் கம்பெனிக்குப் பதில் சொல், நான் கத்தியதைக் கணக்கில் எடுக்காதே.

மாதாவின் கை உன் தலைமேல் இருக்கட்டும், வேளைக்குச் சாப்பிடு. ஒன்றே ஒன்று கேட்டுத் தெரிந்து எழுது. நீ போன புதிதில் வரைபடம் தப்பாகிறது என்று தினமும் ஃபோனில் அழுவாயே, அப்போது உன் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்திக் கொடுத்தாளே மார்கரெட் அம்மா, அந்த வருடம் அவளுக்கு எவ்வளவு மார்க் போட்டார்கள்?

இப்படிக்கு,
எதுவும் புரியாத உன் அப்பா
சவரிராஜ்