அம்மை வந்த வீட்டில் நிறுத்திய மாத்திரை

சேரங்கோடு
12.3.2001

திருப்பூரில் இருக்கும் தம்பி நவநீதனுக்கு, அக்கா தெய்வம்மா எழுதுவது.

நலமா என்று கேட்க மாட்டேன். நேற்று உன் பெண்டாட்டி சசிகலா கடைக்குப் போன் போட்டு அழுதாள். மகளுக்கு அம்மை போட்டிருக்கிறதாம். ஆத்தா வந்திருக்கிற வீட்டில் மருந்து தின்னக்கூடாது என்று நீ கிட்னி மாத்திரையை நிறுத்திவிட்டாயாம். அடப்பாவி, அது யார் கிட்னி? என் விலாவைக் கிழித்து எடுத்துக் கொடுத்தது!

கோயம்புத்தூர் டாக்டர் நம் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னது மறந்துபோச்சா? உடம்பில் ஒவ்வொரு செல்லும் தன் உள்ளே இருப்பதில் ஒரு துணுக்கை எடுத்து, சின்னத் தட்டில் வைத்து வெளியே காட்டுமாம். டி செல் என்கிற கொலைகார அணுக்கள் சுற்றி வந்து தொட்டுப் பார்க்குமாம். சொந்தத் துணுக்கு என்றால் பேசாமல் போய்விடும். கிருமியின் துணுக்கு என்றால் அந்தச் செல்லையே ஓட்டை போட்டுக் கொன்றுவிடும். இங்கே தேயிலை பேக்டரி வாசலில் ஒரு கைப்பிடி இலையை எடுத்துப் பார்த்து முழு மூட்டையையும் திருப்பி அனுப்புகிறார்களே, அந்த மாதிரி. என் கிட்னி நீட்டுகிற தட்டு பாதிதான் உன்னுடையதோடு ஒத்துப்போகிறது. அக்கா கொடுத்தது என்றெல்லாம் அந்தக் கொலைகார அணுக்களுக்குத் தெரியாது. அதுகளை அடக்கி வைப்பதுதான் அந்த மாத்திரை. அன்றைக்குத் தலையைத் தலையை ஆட்டினாயே, எதைக் கேட்டு ஆட்டினாய்?

அதே மாத்திரையால் உன் உடம்பில் எதிர்ப்பும் குறைவு. அம்மை உனக்குத் தொற்றினால் அதுவும் ஆபத்து. உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. வீட்டில் அம்மை, மாத்திரையையும் நிறுத்திவிட்டேன் என்று வாசலிலேயே சொல்லு. எனக்கும் பக்தி உண்டு. வேப்பிலை கட்டு, தாளிக்காமல் சமைக்கச் சொல்லு. ஆத்தா உன்னைச் சாகச் சொன்னாளா?

இங்கே தேயிலைக்கு விலையே இல்லை. வாரத்தில் பாதி நாள் சும்மா உட்கார்ந்திருக்கிறோம். பக்கத்து வீட்டு நெல்சன் வேலை தேடித் திருப்பூருக்கே பஸ் ஏறுகிறான். இதை அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். நீ ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிற வரைக்கும் உன் வீட்டை விட்டு நகராதே என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். உன் மச்சான், கொடுத்தாச்சு, இனி அவன் பாடு என்கிறார். எனக்கு அப்படி விட முடியவில்லை.

எவ்வளவோ திட்டிவிட்டேன். இந்தக் கிட்னி போய்விட்டால் என்னிடம் மிச்சம் இருக்கிறதையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் முன்னால் வந்து நிற்பேன். அவர் துரத்துவார். நான் போக மாட்டேன். என்னை அப்படி நிற்க வைத்துவிடாதே, சாமி.

ஆத்தா உன் கூடவே வருவாள். எழுந்து கிளம்பு.

உன் அக்கா,
தெய்வம்மா