பக்கத்து அறைக்குப் போகாதவர்கள்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, தம்பி மூவரும் நன்றாகவே இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் மட்டும் இன்னும் அவர் சொல் பேச்சைக் கேட்பதில்லை. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும். பேரனுக்கு இருமல் விட்டதா, விட்டுவிட்டது என்று மருந்தைப் பாதியில் நிறுத்திவிடாதே. மாடி வீட்டுக்காரர் குழாயை உடைத்து நம் சமையலறைச் சுவரெல்லாம் ஈரம் இறங்கிவிட்டது, போய்க் கேட்டால் நான் என்னவோ அவர் வீட்டுக்கு அடியில் வேண்டுமென்றே வீட்டைக் கட்டிக்கொண்ட மாதிரி முறைக்கிறார்.

நம் பெற்றோர் சங்கத்தில், ஊருக்கு வெளியே பிள்ளைகளை வைக்கக் கட்டப்போகிற இல்லத்துக்கு ஓட்டு எடுத்தாச்சா, தம்பிக்கு இடம் உறுதியாச்சா என்று போனில் கேட்டாய். போனில் சொன்னால் நடுவில் அழுவாய், அதனால் எழுதுகிறேன். ஓட்டு எடுத்தார்கள். நான் வேண்டாம் என்று கை தூக்கினேன். முழுதாகப் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

நம் சங்கத்து வருஷக் கூட்டம் எப்படி நடக்கும் என்று நீ பார்த்ததில்லை. பெற்றவர்கள் ஹாலில், பிள்ளைகள் பக்கத்து அறையில், பலூன், கலர் பென்சில், பிஸ்கட். பிள்ளைகள் என்றால் யார்? உன் தம்பிக்கு முப்பத்தாறு வயது, ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வார்டுத் துணியெல்லாம் மடித்து அடுக்குகிற ஆள். பலூன் வெடித்தால் அவன் காதைப் பொத்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடுவான் என்று சங்கத்தில் எல்லோருக்கும் தெரியும், இருந்தும் வருஷா வருஷம் ஊதுகிறார்கள், கேட்டால் பிள்ளைகளுக்குப் பலூன் பிடிக்குமாம். இந்த வருஷம் நாங்கள் உள்ளே போனால் முன்வரிசை நாற்காலி முழுவதும் அந்தப் பிள்ளைகள்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். தலைவர், அதுதான் அந்த ரிட்டயரான பேங்க் மேனேஜர், மைக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணுகளா எல்லாரும் அந்த ரூமுக்குப் போங்க, பிஸ்கட் வெச்சிருக்கு என்றார். ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. அவர்களில் தலையெல்லாம் நரைத்த ஒருவர் மட்டும், நான் வீட்லயே சாப்ட்டுட்டு வந்துட்டேன் சார் என்றார். பின்னால் யாரோ சிரித்துவிட்டார்கள், தலைவருக்கு முகம் சிவந்துபோனது.

அப்புறம் அச்சகத்தில் பிழை திருத்துகிற ஒரு பெண் எழுந்தாள், அவளும் முன்வரிசைதான், தடிமனான கண்ணாடி, தன்னை சோடாபுட்டி என்றுதான் சொல்லிக்கொள்வாள். யார் முகத்தையும் பார்க்காமல் போனைப் பார்த்துப் படித்தாள். முதலில் டாக்டர்கள் தங்களைப் போன்றவர்களின் இயல்புக்கு ஆட்டிசம் என்று பெயர் வைத்தார்களாம், தாய்க்குப் பாசம் போதவில்லை, அதனால்தான் பிள்ளை இப்படி ஆனது என்று அவர்களில் பலர் ரொம்ப வருஷம் நம்பினார்களாம். பெற்றவர்கள் கூடிச் சண்டை போட்டுத்தான் அந்தப் பழியைத் துடைத்தார்களாம். பிறகு அந்தப் பிள்ளைகளே வளர்ந்து, இப்படிப்பட்ட கூட்டங்களில் ஒருவரையொருவர் கண்டுபிடித்து, தனியாகச் சங்கம் வைத்து, எங்களை மாற்ற வேண்டாம், எங்கள் வாழ்க்கையை முடிவு செய்யும்போது எங்களையும் கேளுங்கள் என்று நின்றார்களாம். கடைசியாகச் சொன்னாள், நீங்க அன்னைக்கு டாக்டர்கிட்ட கேட்டதைத்தான் நாங்க இன்னைக்கு உங்ககிட்ட கேக்கறோம், ஊருக்கு வெளியே மதில் சுவருக்குள்ள எங்களை வைக்கறதுக்கு எங்களுக்கு ஓட்டு இல்லையா என்று. தம்பிக்கு மூன்று வயதில் அந்த டாக்டர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல், உனக்கு இந்தக் குழந்தை மேல பிரியம் இருந்துச்சா என்று கேட்டாரே, மில்லில் ஷிப்டு முடித்து வந்து அவனை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கினவளைப் பார்த்து. அப்படி அவமானப்பட்டவர்கள்தான் இந்தச் சங்கத்தைத் தொடங்கினோம். பெற்றவர்களுக்கு மட்டும்தான் ஓட்டு என்று விதி வைத்ததே டாக்டர்கள் உள்ளே நுழைந்துவிடக் கூடாது என்றுதான். இப்போது அந்த விதிக்கு வெளியே நிற்பது யார் என்று பார்.

எல்லோரும் கெட்டவர்கள் என்று நினைத்துவிடாதே. சங்கத்தில் ஒரு தையல்காரர் எழுந்து, உனக்குப் பேச வருதும்மா, என் பொண்ணுக்கு வராது, நான் போய்ட்டா அவளை யார் குளிப்பாட்டுவா, நீ வருவியா என்று கேட்டு அப்படியே உட்கார்ந்து அழுதார். அந்தக் கண்ணாடிக்காரப் பெண், நான் வர மாட்டேன், எனக்கு அது சரியா செய்ய வராது, ஆனா அவளைப் பாத்துக்க ஆள் போடச் சொல்லி உங்க கூட வந்து எந்த சர்க்கார் ஆபீஸ் வாசல்லயும் உக்காருவேன் என்றாள். அவருக்கு அது போதவில்லை. பிள்ளையை விட்டுவிட்டுச் சாகப் பயப்படுகிற நிலைமையில் ஜனங்களை வைத்திருக்கிறார்கள், பயந்தவர்களிடம் மதில் சுவரைக் காட்டி ஓட்டு வாங்குவது சுலபம். இல்லம் ஜெயித்தது. வேண்டாம் என்று தூக்கிய கைகள் ரொம்பக் கொஞ்சம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் தம்பியிடம், இல்லத்துக்குப் போகப் பிடிக்கலேன்னு ஏன்டா என்கிட்ட சொல்லல என்றேன். நீ கேக்கல என்றான். அவ்வளவுதான், கோபம்கூட இல்லை. சரி, இப்போ கேக்கறேன், எங்கதான் இருப்பே என்றேன். அந்த நரைத்த தலைக்காரரும் இவனும் சலவைக்கூடத்துப் பக்கத்தில் இரண்டு அறை வாடகைக்குப் பார்த்திருக்கிறார்களாம், வாரத்தில் சில நாள் ஒரு ஆள் வந்து சாமான் வாங்கவும் வரவு செலவு பார்க்கவும் கூட இருந்தால் போதுமாம். கேஸை அணைக்க மறந்துடுவியேடா என்றேன். அப்பாவும்தான் மறக்கறார், அவரை எங்க அனுப்பறது என்று கேட்டான், உன் அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். உன் வீட்டில் இருக்கவும் வரமாட்டானாம். மாப்பிள்ளை கதவைப் படீர் படீரென்று சாத்துவாராம். வருத்தப்படாதே, எல்லாக் கதவையும்தான் அப்படிச் சாத்துகிறார்.

மறுநாளே இல்லத்துப் பட்டியலில் இருந்து அவன் பெயரை எடுக்கச் சொல்லி, அவனையும் கூட்டிக்கொண்டு போனேன். தலைவர், உங்களுக்கப்புறம் உங்க பொண்ணுதானே பொறுப்பு, அவங்க போன்ல சம்மதிச்சாச்சு, அவங்க சொன்னா எடுக்கறேன் என்கிறார். பக்கத்தில் நிற்கிறவனைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீ அக்கறையில்தான் சம்மதித்தாய் என்று எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். ஆனால் அந்தச் சம்மதம் இப்போது அவன் கழுத்தில் கிடக்கிறது, அதைக் கழற்ற உன்னால்தான் முடியும்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் பேரனுக்கும் எங்கள் ஆசீர்வாதம், குறையில்லாமல் இருங்கள், நேரத்துக்குச் சாப்பிடு. ஒன்றை மறந்துவிடாதே, இந்தக் கடிதம் உன் கைக்கு வந்த பிறகு தம்பி உனக்குப் போனில் எழுதுவான். சௌக்கியமா என்று கேட்க மாட்டான், தலைவரிடம் என் பெயரை எடுக்கச் சொல் என்று இரண்டே வரிதான் இருக்கும், கோபம் என்று எடுத்துக்கொள்ளாதே. சரி என்றாலும் மாட்டேன் என்றாலும் பதிலை அவனுக்கே போடு. அவனிடம் சொல்லிவிடு என்று எனக்குப் போட்டால் நான் சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா