நீல டிரம்

ஜூலை 13, ஞாயிறு

எங்கள் மணலி கம்பெனியில் லோடு ஏற்றும் ஏழுமலையின் மகளுக்கு இன்று வளைகாப்பு. நெட்டுக்குப்பம் போய்ச் சேர்ந்ததும் அவர் மனைவி சொம்பில் தண்ணீர் கொடுத்தார். வாசலில் இருந்த நீல டிரம்மிலிருந்து மொண்ட தண்ணீர். டிரம்மின் மேல் எங்கள் ஸ்டோர் நம்பர், நானே பெயிண்டால் எழுதியது.

காலி கெமிக்கல் டிரம்களை அழிக்க அனுப்பினால் செலவு. ஆட்களுக்கே கொடுத்துவிட்டால் கழிவும் குறையும், பணமும் மிச்சம். என் யோசனைதான். மீட்டிங்கில் கைதட்டினார்கள். குப்பை போட வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லித்தான் கொடுத்தேன். குடிக்கிற தண்ணீர் பிடிக்காதீர்கள் என்று சொன்னேனா? எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. கைதட்டியவர்களில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. நானும்தான்.

"நீங்க குடுத்த டிரம்மு தான் மேடம். சோப்பு போட்டு நாலு தபா கழுவிட்டோம். லாரி தண்ணி புடிச்சா ரெண்டு நாளு தாங்குது" என்றார் அந்த அம்மா. முகமெல்லாம் சந்தோஷம். உள்ளே அவர் மகள், கன்னத்தில் சந்தனத்தோடு, அதே தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தாள். அத்தனை பேர் நடுவில் எதையும் சொல்ல வேண்டாம் என்று நானும் குடித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் ஏழுமலைக்கு போன் செய்தேன்.

"சொல்லுங்க மேடம்."

நான் வாங்கிவந்த வளையல் அளவு சரியாக இருந்ததா என்று கேட்டேன்.

"கரீட்டா கீது மேடம்."

அவருக்குப் பின்னால் யாரோ டிரம்மில் சொம்பை முக்கும் சத்தம் கேட்டது.